மட்டக்களப்பில் இருந்தபடி இரசாயனப் படமாக்கல்: ஒரே மாதிரியைப் பல கருவிகளில் பார்க்க ஒரு வழிகாட்டி

மாதிரியை அரைத்துக் கரைத்து ஓர் எண்ணாக ஆக்காமல், எந்த இடத்தில் எந்தப் பொருள் இருக்கிறது என்று படமாகவே பார்ப்பதுதான் இரசாயனப் படமாக்கல். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ பட்டப்பின் ஆய்வு தொடங்கி, மேற்பார்வையாளர் "இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்துப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது? அதற்குத்தான் இது. ஒவ்வொரு கருவியையும் தனியாகக் கற்றுக்கொள்ள நூல்கள் போதும். ஒரே மாதிரியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போதுதான் அலைச்சல் தொடங்குகிறது. அந்த அலைச்சலில் பாதியை, மாதிரியை வெட்டுவதற்கு முன்னரே மேசையில் உட்கார்ந்து தவிர்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு நெல்லை எடுத்துக்கொள்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அதோடு காய்ந்த மணி உறைகுளிரூட்டி கேட்காது, ட்ரை ஐஸ் கேட்காது, பஸ்ஸில் கெட்டுப்போகாது. முதல் தடவை செய்கிறவர் வாவி மீனின் ஈரலில் தொடங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து.

1. கேள்வியை எழுதுங்கள், கருவி பிறகு

"அரிசியின் இரசாயனத்தைப் பார்க்கப் போகிறேன்" என்பது கேள்வி அல்ல. "புழுங்க வைக்கும்போது தவிட்டில் இருக்கும் நாகமும் இரும்பும் உள்ளே நகர்கின்றனவா, அவை பைற்றேற்றோடு (தவிட்டில் உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கும் பொசுபரசுச் சேர்வை) சேர்ந்தே நகர்கின்றனவா?" என்பது கேள்வி. இப்படி எழுதினால் கருவி தானாகவே தெரியவரும்.

செங்கீழ் நுணுக்குக்காட்டி, அதாவது எஃப்.ரி.ஐ.ஆர் படமாக்கல், எந்த வகைப் பொருள் எங்கே என்று காட்டும். அலையெண் (ஒரு சென்ரிமீற்றரில் எத்தனை அலை) 1650 அருகே புரதம், 1740 அருகே இலிப்பிட்டு (கொழுப்பு வகை), 1000 முதல் 1150 வரை மாப்பொருள். அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடம் சுமார் 3 முதல் 10 மைக்ரோமீற்றர்.

ராமன், அதாவது லேசரை அடித்துச் சிதறி வரும் ஒளியைப் பார்க்கும் முறை, அதைவிட நுணுக்கம், 1 மைக்ரோமீற்றர் வரைக்கும் போகலாம். மாப்பொருளின் 478 பட்டியும் (பட்டி என்பது நிறமாலையில் ஒரு பொருளைக் காட்டிக்கொடுக்கும் உச்சி) புரதத்தில் இருக்கும் பீனைல்அலனீனின் 1003 பட்டியும் அதில் அழகாகத் தெரியும். ஆனால் நிறப்பொருள் இருந்தால் ஒளிர்வு எல்லாவற்றையும் மூடிவிடும். சிவப்பு அரிசியின் தோலை 532 நானோமீற்றர் லேசரில் வைத்துப் போராட வேண்டாம். 785 கேளுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் 1064.

மால்டி திணிவு நிறமாலைப் படமாக்கலில் மாதிரியின் மேல் மேட்ரிக்ஸ் என்ற பூச்சைத் தெளித்து, லேசரால் மூலக்கூறுகளைக் கிளப்புவார்கள்; அது மூலக்கூறின் திணிவையே தரும். செங்கீழில் "இலிப்பிட்டு" என்று மட்டும் தெரிவது, இதில் எந்தப் பொசுபோலிப்பிட்டு என்ற அளவுக்குப் பிரியும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு மூலகங்களைக் காட்டும்: நாகம், இரும்பு, மங்கனீசு, பொற்றாசியம், ஆசனிக்கு. ஆனால் அந்த நாகம் எந்த மூலக்கூறோடு இருக்கிறது என்று அது சொல்லாது. அதற்காகத்தான் சேர்த்துப் பார்க்கிறோம்.

மேலே எழுதிய கேள்விக்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வும் செங்கீழுமே போதும். நான்கு கருவியில் ஓட்டினால் ஆய்வறிக்கை கனமாகும், பதில் கனமாகாது.

2. தொலைபேசியில் கேட்க வேண்டியவை

"எங்களிடம் எஃப்.ரி.ஐ.ஆர் இருக்கிறது" என்ற பதிலை நம்பிப் பஸ் ஏறாதீர்கள். பெரும்பாலான இடங்களில் இருப்பது மேசைக் கருவி. அது மாதிரி முழுவதற்கும் ஒரே நிறமாலையைத் தரும், படம் தராது. இவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்: நுணுக்குக்காட்டி இணைத்திருக்கிறதா? மேடை தானாக நகருமா? உணரி தனிப்புள்ளியா, பலபுள்ளி அணியா? அணி உணரி என்றால் திரவ நைதரசன் வேண்டும். நீங்கள் போகும் நாளில் அது இருக்குமா? ஓர் ஆய்வுகூடத்தில் கட்டணத்தைக் கட்டி, கடிதமும் பெற்று, வாசல் வரை போன பிறகுதான் "நைதரசன் அடுத்த கிழமைதான் வரும்" என்றார்கள். இந்தக் கேள்வியை முன்கூட்டிக் கேட்கக் காசு செலவில்லை.

ராமனுக்கும் இதே கேள்விகள்தான். மால்டியில் இன்னொரு பொறி உண்டு. பக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் மால்டிக் கருவியும் படமாக்கலும் ஒன்றல்ல. "இழையத் தகட்டில் படமாக்கல் செய்வீர்களா, மேட்ரிக்ஸ் தெளிக்கும் கருவி இருக்கிறதா" என்று கேளுங்கள்.

கட்டணத்துக்குச் சோதனை செய்து தரும் இடங்களில் ஹோமாகமவில் இருக்கும் ஸ்லின்டெக் (இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம்), கொழும்பில் இருக்கும் ஐ.ரி.ஐ. (கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம்) ஆகியவற்றை முதலில் விசாரிக்கலாம். பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் உங்கள் துறைத்தலைவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் அது இன்னும் நல்லது. எக்ஸ்-கதிர் ஒளிர்வை மைக்ரோமீற்றர் அளவில் நன்றாகச் செய்ய வேண்டுமானால் சிங்குரொட்ரன், அதாவது மிகச் செறிந்த எக்ஸ்-கதிரைத் தரும் பெரிய துகள் முடுக்கி, தேவை: இந்தூரின் இந்துஸ்-2, ஜோர்தானின் செசமி, மெல்பேர்ணின் ஆஸ்திரேலிய சிங்குரொட்ரன் என்று. அங்கே வழக்கமாக மணித்தியாலத்துக்குக் காசு கட்டுவதில்லை. முன்மொழிவு எழுத வேண்டும், குழு தெரிவு செய்ய வேண்டும். முடிவை வெளியிடும் ஆய்வென்றால் கதிர் நேரம் பொதுவாக இலவசம். பயணமும் தங்குமிடமும் உங்கள் தலையில். விண்ணப்பத்துக்கும் அளவீட்டுக்கும் இடையே அரை வருடம் ஓடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. காகிதங்கள்

நெல் விதைக்கும்போதே காகித வேலையையும் தொடங்குங்கள். பெரும்போக அறுவடை முடிந்து, மணியைக் கையில் வைத்துக்கொண்டு கடிதத்துக்கு அலைகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

எல்லாருக்கும் வேண்டியது: மேற்பார்வையாளரின் கடிதம், துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதியின் கடிதம், எந்த மாதிரி, எத்தனை, என்ன அளவீடு என்ற ஒரு பக்கக் குறிப்பு. பீடாதிபதியின் கடிதத்தில் கருவியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாவிட்டால் மற்ற ஆய்வுகூடம் இன்னொரு கடிதம் கேட்கும்.

மனித இழையம் என்றால், போதனா வைத்தியசாலையில் யாரையும் தெரியும் என்பதற்காக மாதிரியை வாங்கிவிடக் கூடாது. முதலில் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் விசாரியுங்கள். விண்ணப்பத்திலேயே "மாதிரி வேறு ஆய்வுகூடத்துக்குப் போகும், வெளிநாட்டுக்கும் போகலாம்" என்று எழுதிவிட வேண்டும். பிறகு சேர்க்கப் போனால் திரும்பவும் குழு கூடும் வரை காத்திருப்புத்தான்.

கண்டல் இலை என்றால் வன பரிபாலனத் திணைக்களம். காட்டு விலங்கோ சரணாலயத்துக்குள் இருக்கும் எதுவுமோ என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். வாவிக்கரைதானே, யார் கேட்பார் என்று நினைக்காதீர்கள்; அனுமதி இலக்கம் இல்லாமல் ஏற்றுமதிக் காகிதம் நகராது, பின்னர் சஞ்சிகை ஆசிரியரும் கேட்பார்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் ஒழுங்கு இதுதான்: முதலில் அந்த நாட்டின் இறக்குமதி அனுமதி, அதைப் பெறும் ஆய்வுகூடம்தான் எடுத்துத் தர வேண்டும். அதில் என்ன நிபந்தனை இருக்கிறதோ, அதைக் காட்டித்தான் கட்டுநாயக்காவில் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்க முடியும். தலைகீழாகச் செய்தால் இரண்டு வேலை. முளைக்கக்கூடிய நெல்லாக அனுப்பினால் அதை விதையாகப் பார்ப்பார்கள், கேள்வி கூடும். இங்கேயே வெட்டித் தகட்டில் ஒட்டி அனுப்புவது எல்லா வகையிலும் லேசு. இதோடு இரண்டு நிறுவனங்களும் கையெழுத்திடும் மாதிரிக் கைமாற்று ஒப்பந்தம் ஒன்றும் வேண்டும். பல்கலைக்கழகத்தின் சட்டப் பக்கம் அதைப் பார்க்கும். அங்கேதான் கடிதம் தூங்கும். போய் எழுப்புங்கள்.

4. தகடு: இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

ஒரு கருவிக்கு நல்ல தகடு மற்றதற்கு விஷமாகலாம். வெட்டிய பிறகு தகட்டை மாற்ற முடியாது. ஆகவே இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள்.

சாதாரண நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடு செங்கீழ் ஊடுகடத்தலுக்கு உதவாது. அலையெண் 2000க்குக் கீழே அது ஒளியை விழுங்கிவிடும். புரதப் பட்டியும் மாப்பொருள் பட்டியும் அங்கேதான் இருக்கின்றன. கல்சியம் புளோரைட்டு அல்லது பேரியம் புளோரைட்டுத் தகடு வேண்டும். கல்சியம் புளோரைட்டு ராமனுக்கும் நல்லது, பின்னணி மிகக் குறைவு. ஆனால் விலை அதிகம், கீழே விழுந்தால் உடையும், 1000க்குக் கீழே அதுவும் மறைக்கத் தொடங்கும். செங்கீழைத் தெறிக்க வைக்கும் பூச்சுத் தகடுகள் மலிவு. அவற்றில் உள்ளே போகும் ஒளியும் தெறித்து வரும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் பட்டிகளின் உயரம் தடிப்போடு நேராகக் கூடாமல் கோணிக்கொள்ளும். ஒப்பீட்டுப் படத்துக்குச் சரி, அளவு சொல்வதற்கு நான் நம்பமாட்டேன்.

மால்டிக்கு மின் கடத்தும் தகடு வேண்டும். வழக்கம், இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுப் பூசிய கண்ணாடி, எல்லாரும் ஐ.ரி.ஓ. தகடு என்பார்கள். பூச்சு ஒரு பக்கம் மட்டும்தான். எந்தப் பக்கம் என்று மல்ரிமீற்றரை வைத்துத் தடையைப் பாருங்கள், அந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள், மூலையில் பென்சிலால் அல்ல, வைர முனையால் குறியிடுங்கள்.

இதே ஐ.ரி.ஓ. தகட்டை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தியத்தின் கோடு (அது வெளிவிடும் எக்ஸ்-கதிரின் சக்தி) 3.29 கிலோ எலக்ரோன் வோல்ற், பொற்றாசியத்தின் கோடு 3.31. உணரியால் இரண்டையும் பிரிக்க முடியாது. மணி முழுக்கப் பொற்றாசியம் ஒரே சீராக இருப்பதுபோல அழகான பொய்ப் படம் வரும். வெள்ளீயம் கல்சியத்துக்கு அதே தொல்லையைத் தரும். கல்சியம் புளோரைட்டுத் தகட்டில் கல்சியம் தேடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியிலும் கல்சியம், இரும்பு எல்லாம் கிடக்கின்றன. எக்ஸ்-கதிருக்கு மெல்லிய பொலிமர்ப் படலம்தான்: கப்டன் அல்லது அல்ட்ராலின். பெறும் ஆய்வுகூடத்திடமே அதன் சட்டகத்தை முன்கூட்டிக் கேட்டு வாங்குங்கள். ஆசனிக்கு உங்கள் கேள்வியில் இருந்தால் ஈயத்தையும் கூடவே சந்தேகியுங்கள், 10.5 அருகே இரண்டின் முதன்மைக் கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

ஆகவே ஒரு வெட்டுத் திட்டம் போடுங்கள். தொடர்ச்சியாக வரும் வெட்டுகளில் முதலாவது கல்சியம் புளோரைட்டில், செங்கீழுக்கும் ராமனுக்கும். இரண்டாவது ஐ.ரி.ஓ.வில், மால்டிக்கு. மூன்றாவது படலத்தில், எக்ஸ்-கதிருக்கு. நான்காவது சாதாரணக் கண்ணாடியில், சாயமிட்டுப் பார்க்க. அடுத்தடுத்த வெட்டுகள் மணியின் ஏறக்குறைய அதே இடத்தைக் காட்டும்; ஆனால் எல்லாவற்றிலும் அதே கலங்கள்தான் என்று நம்பாதீர்கள்.

5. வெட்டுதல்

செங்கீழ் ஊடுகடத்தலுக்கு 5 முதல் 10 மைக்ரோமீற்றர் தடிப்பு. அதற்கு மேல் போனால் மாப்பொருள் பட்டி முட்டி நின்றுவிடும், அங்கே எண்ணே இல்லை. மால்டிக்கு 10 முதல் 12. எக்ஸ்-கதிருக்குத் தடிப்பு கூடினால் சைகை கூடும்; 30 முதல் 50 என்றாலும் பரவாயில்லை.

உறைவெட்டியில், அதாவது மாதிரியை உறைநிலையில் மெல்லியதாக வெட்டும் கருவியில், மாதிரியைப் பிடித்து நிறுத்த எல்லாரும் கைக்கு எடுப்பது ஓ.சி.ரி. பசை. மால்டி செய்யப் போகிறீர்களானால் அந்தப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். அதிலுள்ள பொலிமர் திணிவு நிறமாலையில் சீப்புப் பல் மாதிரி அடுக்கடுக்காக வந்து, உண்மையான உச்சிகளை அமுக்கிவிடும். ஜெலற்றின் புரதம், ஆகவே செங்கீழில் புரதப் படத்தைக் கெடுக்கும். காபொட்சிமெதைல் செலுலோசு மாப்பொருள் இடத்தில் வந்து உட்காரும். நெல்மணிக்கு நான் விரும்புவது: உறைவெட்டியின் தாங்கியில் ஒரு துளி வடிகட்டிய நீர், அதில் மணியின் அடிப்பக்கத்தை மட்டும் நட்டு உறைய வைப்பது. மேல் பாதி எதையும் தொடாமல் நிற்கும். வெட்டுவதும் அந்த மேல் பாதியைத்தான்.

லேசாக வெட்டலாம் என்று மணியை இரவு முழுக்க ஊற வைக்கச் சொல்பவர்கள் உண்டு. வெட்டு அழகாக வரும். ஆனால் பொற்றாசியம் போன்ற கரையும் அயன்கள் ஊறும் நீரோடு நகரும். புழுங்கலில் என்ன நகர்ந்தது என்று கேட்டவர் தானே நகர்த்தியதாக முடியும். காய்ந்த மணி வெடிக்கும்தான். ஒட்டு நாடாவை முகத்தில் ஒட்டி வெட்டினால் துண்டு சிதறாமல் வரும். நாடாவில் வந்ததை மால்டிக்கு வையுங்கள், நாடா இல்லாமல் முழுதாக வந்த சில வெட்டுகளைச் செங்கீழுக்கு வையுங்கள். நாடாவுக்கும் செங்கீழில் பட்டி உண்டு.

வைத்தியசாலையின் பரபின் கட்டிகளில் (மெழுகில் பதித்து வைத்த இழையம்) இலிப்பிட்டு பார்க்க ஆசைப்படாதீர்கள். மெழுகின் பட்டிகள் 2850, 2920 இலேயே வரும், மெழுகைக் கழுவும் சைலீன் இலிப்பிட்டையும் சேர்த்துக் கழுவும்.

வெட்டியவுடன் ஒவ்வொரு தகட்டையும் சாதாரண நுணுக்குக்காட்டியில் படமெடுத்து வையுங்கள். பிறகு தகட்டில் மூன்று மூலைக்கு டிப்பெக்ஸ் புள்ளி, மாதிரிக்குத் தள்ளி. அது மால்டி மேடையை நேராக்க உதவும். எக்ஸ்-கதிரில் தைத்தேனியமாகப் பளிச்சென்று தெரியும், ஆகவே அங்கேயும் அதுவே அடையாளம். மேட்ரிக்ஸ் தெளிக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், கரைப்பானில் ஓடும்.

6. எந்தக் கருவி முதலில்

ஒரே வெட்டை இரண்டு கருவியில் வைப்பதானால் மென்மையானது முதலில். ஒளி நுணுக்குக்காட்டி, செங்கீழ், ராமன், மால்டி, கடைசியில் சாயம். செங்கீழ் எதையும் கெடுக்காது. ராமன் லேசர் கூடினால் மாப்பொருளில் கறுப்புப் புள்ளி விழும். குறைந்த சக்தியில், தேவையில்லாத ஓரத்தில் ஒரு புள்ளி சுட்டுப் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும். மால்டியில் மேட்ரிக்ஸ் பூசிவிட்டால் திரும்பி வர வழியில்லை. மெதனோலால் மேட்ரிக்ஸைக் கழுவிச் சாயமிடலாம், அவ்வளவுதான்.

7. கொண்டுபோதல்

காய்ந்த தகடுகளைத் தகட்டுப் பெட்டியில் வைத்து, சிலிக்கா ஜெல் பையோடு காற்றிறுக்கமான உறையில் போடுங்கள். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாக மாறும் சிலிக்காவில் கோபால்ற் இருக்கிறது. மூலகம் பார்ப்பவர் செம்மஞ்சள் வகையை வாங்குங்கள். ஐப்பசி முதல் தை வரை நம் பக்கத்து ஈரம் தெரிந்ததுதான். மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் கொழும்புப் பாதையும் நின்றுவிடும். அந்த மாதங்களில் கருவி நேரம் பதிவு செய்யாதீர்கள். வேறு வழியில்லை என்றால் இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

உறைந்த இழையம் என்றால் ட்ரை ஐஸ், ரெஜிபோம் பெட்டி. மூடியை இறுக்கி ஒட்ட வேண்டாம். வாயு வெளியேற இடம் வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். ஏசி பஸ்ஸின் உள்ளே மடியில் வைத்துக்கொண்டும் போகக் கூடாது, காபனீரொட்சைட்டு சேரும். விமானத்தில் பயணியின் பொதியில் 2.5 கிலோ வரைதான், அதுவும் விமான நிறுவனத்தின் அனுமதியோடு. கூரியரில் அனுப்பினால் பெட்டியில் யூ.என். 1845 அடையாளம் வேண்டும். போய்ச் சேர்ந்தவுடன் தகட்டு உறையை ஆவலில் திறக்காதீர்கள். உறை மூடியபடியே அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் படிந்தால், அந்தத் துளியில் எல்லாம் கரைந்து இடம் மாறிவிடும்.

8. நேரமும் செலவும்

பதிவு செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ராமனில் 1 மி.மீ. சதுரத்தை 2 மைக்ரோமீற்றர் இடைவெளியில், புள்ளிக்கு 1 செக்கன் வீதம் எடுத்தால் 250,000 செக்கன், கிட்டத்தட்ட மூன்று நாள். 10 மைக்ரோமீற்றர் இடைவெளி என்றால் மூன்று மணித்தியாலத்துக்குள். ஆகவே செங்கீழில் முழு மணியையும் பார்த்து, அதில் தெரியும் சுவாரசியமான மூலையில் மட்டும் ராமன். 128க்கு 128 அணி உணரியில் ஒரு சட்டகம் சுமார் 0.7 மி.மீ.; 2 மி.மீ. குறுக்குவெட்டுக்கு ஒன்பது சட்டகம் போதும்.

மால்டியில் 50 மைக்ரோமீற்றர் புள்ளி மலிவு, வேகம். ஆனால் தவிட்டுப் படையே அந்த அளவில் ஒரு புள்ளி அகலம்தான். 20க்குப் போங்கள், நேரம் ஆறு மடங்கு கூடும் என்று பணத்தையும் அப்படியே ஒதுக்குங்கள்.

விலைமனு வாங்கும்போது கேளுங்கள்: கட்டணம் மணித்தியாலத்துக்கா மாதிரிக்கா, மாணவர் விலை உண்டா, வற் வரி சேர்ந்ததா, இயக்குநர் கட்டணம் தனியா, இரவில் ஓடினால் எப்படி. தகடுகளை வெளிநாட்டிலிருந்து முகவர் மூலம் எடுப்பதானால் மூன்று விலைமனு, கொள்முதல் குழு, சுங்கம் என்று மாதக்கணக்கில் போகும். முதல் வேலையாக ஓடர் போட வேண்டியது அதுதான். உடைவதற்கென்று இரண்டு தகடு கூடுதலாக வாங்குங்கள்.

9. படங்களைப் பொருத்துதல்

இலவச மென்பொருள்களே போதும். செங்கீழும் ராமனும் குவேசரில், எக்ஸ்-கதிர் பைம்காவில், மால்டி ஆர் மொழியின் கார்டினலில், பொருத்துவது பிஜியின் பிக்வார்ப்பில். டிப்பெக்ஸ் புள்ளிகள் அதே தகட்டுக்கு மட்டும்தான். அடுத்த வெட்டோடு பொருத்த மணியின் வரப்பு, முளையின் ஓரம், ஒரு வெடிப்பு என்று ஆறேழு புள்ளியாவது தேடுங்கள்.

மால்டிப் படத்தைக் கணினியில் பெருப்பித்து ராமன் அளவுக்குக் கொண்டுவந்து "ஒரே கலத்தில் பார்த்தோம்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் விடமாட்டார், விடவும் கூடாது. தொடர்பு கணக்கிடும்போது எல்லாவற்றையும் மிகப் பரும்படியான படத்தின் கட்டத்துக்கு இறக்குங்கள். பார்க்க மட்டுமென்றால் நுணுக்கமாகவே வைத்திருங்கள்.

ஆய்வுகூடத்தை விட்டு வரும் முன் மூலத் தரவைக் கேட்டு வாங்குங்கள். அவர்கள் தருவது பெரும்பாலும் வண்ணப் படமும் அறிக்கையும்தான். கருவி நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் அதைத் திரும்பக் கணக்கிட முடியாது. மால்டிக்கு ஐ.எம்.இசட்.எம்.எல். வடிவம், மற்றவற்றுக்கு எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி. ஒரு மால்டித் தரவு பல கிகாபைற் வரும், பென் ட்ரைவ் பற்றாது, ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள். மிச்சத் தகடுகளை அங்கேயே விட்டுவருவதானால் எந்தத் திகதி வரை வைத்திருப்பார்கள் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.